விற்றது பிழையில்லை, மூலநிரலை மறைத்ததுதான் பிழை

ஆசிரியர் அவர்களுக்கு,

போன மாதம் சாம்பல்தீவிலிருந்து ஒரு தம்பி மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு உப்புவெளியில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார். "அண்ணை, இந்தக் கப்பல் வடதுருவத்துக்கும் அங்கால நிக்குது, என்னெண்டு பாருங்கோ" என்றார். பார்த்தேன். கப்பல்கள் நிற்கும் இடத்தைப் படத்தில் காட்டும் ஒரு மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் திருகோணமலைத் துறைமுகம், வாசலில் இரண்டு சரக்குக் கப்பல்கள், எல்லாம் ஒழுங்கு. ஒன்று மட்டும் அகலாங்கு 91 பாகை வடக்கில். 90 உடன் துருவமே முடிந்துவிடும், அதற்கு மேல் எங்கே போவது?

அந்தப் பிழையை எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் செய்தவனே நான்தான். அந்த மென்பொருளை எழுதி, மூலநிரலோடு, அதாவது யாரும் படித்துத் திருத்தக்கூடிய நிரல் வரிகளோடு, வெளியிட்டவன் நான். கப்பல்கள் தங்கள் அடையாள இலக்கத்தையும் இடத்தையும் 161.975, 162.025 மெகாஹேட்ஸ் ஆகிய இரண்டு அலைவரிசைகளில் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். தன் இடம் தெரியாத கப்பலும் சும்மா இருக்காது. நெட்டாங்கு 181, அகலாங்கு 91 என்று அனுப்பும். 'தெரியாது' என்பதற்கு அதுதான் குறி. பாகையை 600000 ஆல் பெருக்கி அனுப்புவதால் என் நிரலுக்கு நெட்டாங்காக 108600000 என்றொரு எண் வந்து சேர்ந்தது. குறி என்று விளங்காமல் அதையும் ஓர் இடமாக எடுத்துப் படத்தில் குத்திவிட்டேன். பிறகு இரண்டு வரியில் திருத்தி, புதிய பதிப்பை வெளியிட்டு ஒன்றரை வருடம் ஆகிறது.

சரி, இவரிடம் பழையது எப்படி வந்தது? நகரத்தில் ஒரு கடையில், கணினியில் செருகும் சிறு அலைவாங்கியான டொங்கிளோடு சேர்த்துக் காசு கொடுத்து வாங்கினாராம். மென்பொருளுக்கு வேறு பெயர், வேறு நிறம். என்னுடையதுதானா என்று உறுதிப்படுத்த அன்ரெனா வயரைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தோம். பத்து நிமிடத்தில் திரையில் வந்தது: "ஒண்டும் கேக்கேல்லை. வயர் கழண்டிருக்கோ எண்டு ஒருக்காப் பாருங்கோ." என் அம்மா சொல்வதுபோல இருக்கட்டும் என்று நான் எழுதிவைத்த வசனம். அதை மட்டும் மாற்ற மறந்துவிட்டார்கள்.

பொலிசுக்குப் போ என்று அயலவர்கள் சொன்னார்கள். விற்றதில் எனக்குக் கோபமே இல்லை. நான் எழுதியதும் முழுக்க என்னுடையதல்ல. இந்த டொங்கிள் தொலைக்காட்சி பார்ப்பதற்கென்று செய்தது. அதனுள் இருக்கும் ரியல்டெக் சிப், அலையைப் பிரிக்காமல் எண்களாகவே கணினிக்குள் கொட்டவல்லது என்பதைப் பின்லாந்துக்காரரான அன்ரி பலோசாரி கவனித்தார். 2012இல் திறந்த மூலநிரல் ஆர்வலர்களான ஒஸ்மோகொம் குழுவினர் அதற்கான மென்பொருளை மூலநிரலோடு வெளியிட்டார்கள். ஒவ்வோர் எண்ணும் 8 பிட்தான், மலிவுச் சாமான். ஆனால் செக்கனுக்கு அலையின் 24 இலட்சம் மாதிரி அளவுகளைச் சளைக்காமல் தரும். அந்தக் குவியலுக்குள்ளிருந்து கப்பலைப் பொறுக்கி எடுப்பதுதான் என் வேலை. அப்பா மத்திய வீதியில் வானொலி திருத்தியவர். கொயில் சுற்றிச் சுற்றி அவர் செய்ததை நான் சில வரிகளில் செய்கிறேன். ஈயம் உருகும் மணம் மட்டும் இல்லை.

ஒஸ்மோகொம் மென்பொருள் குனூ பொது உரிமத்தில் வந்தது. அந்த உரிமம் காசுக்கு விற்காதே என்று சொல்லவில்லை, விரும்பிய விலைக்கு விற்கலாம். ஆனால் மூலநிரலைக் கூடவே கொடுக்க வேண்டும், அல்லது கேட்டால் தருவேன் என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். ஆக்கியவர்களின் உரிமைக் குறிப்பை அழிக்கக் கூடாது. அவர்களின் நிரலைச் சேர்த்து எழுதியதால் எனக்கும் அதே கட்டுப்பாடு. நான் நினைத்தாலும் பூட்டிவைத்து விற்க முடியாது.

கடைக்குப் போனேன். உரிமையாளர் தேத்தண்ணி தந்து மரியாதையாகத்தான் கதைத்தார். "சும்மா கிடந்ததைத்தானே எடுத்தம்" என்றார். அவருக்கு நான் சொன்னது இதுதான்: அந்தத் தம்பிக்கு நிரல் எழுதத் தெரியும், மூலநிரல் கையில் இருந்திருந்தால் அந்த 91ஐ அவரே பிடித்திருப்பார். அன்று என் மேசையில் மூலநிரலைத் திறந்து காட்டியதும் அவர் வேறொரு பிழையையும் கண்டுபிடித்தார். நம்மூர் வெயிலில் டொங்கிள் சூடேற, உள்ளே அலைவரிசையை நிர்ணயிக்கும் 28.8 மெகாஹேட்ஸ் பளிங்கு விலகும். பத்து இலட்சத்தில் 50 பங்கு விலகினாலே 162 மெகாஹேட்ஸில் 8 கிலோஹேட்ஸ் தள்ளிப்போகும். நான் காலையில் ஒருதரம் கையால் சரிசெய்துவிட்டு, மத்தியானம் கப்பல்கள் காணாமற்போவதைத் துறைமுகத்தின் ஓய்வு நேரம் என்று நினைத்திருந்தேன்! ஏற்கெனவே கேட்கும் கப்பல்களின் விலகலைச் சராசரி எடுத்துத் தானாகவே திருத்தலாமே என்றார் தம்பி. இப்போது அப்படித்தான் ஓடுகிறது.

இன்னொன்று, வாங்கியவர்கள் கடலில் வழி பார்க்க இதை நம்ப வேண்டாம். இடத்தை அனுப்பும் கருவி சர்வதேச விதிப்படி கட்டாயமாக இருப்பது சர்வதேசப் பயணம் போகும் 300 மொத்தத் தொன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பல்கள், உள்ளூர்ப் பயணம் போகும் 500 மொத்தத் தொன்னும் அதற்கு மேலும் உள்ள சரக்குக் கப்பல்கள், பயணிகள் கப்பல்கள் ஆகியவற்றுக்குத்தான். நம் மீன்பிடிப் படகுகளில் பெரும்பாலானவை திரையில் தெரியாது.

மூலநிரல் முழுவதும் ஒரு மெகாபைட்டுக்கும் குறைவு. கடைக்காரர் மென்பொருள் கொடுக்கும் பென் டிரைவில் ஓர் ஓரத்தில் போட்டுவிட்டால் எனக்குப் போதும். புதிய பதிப்பில் சாம்பல்தீவுத் தம்பியின் பெயரும் இருக்கிறது. அதையாவது அழிக்காமல் விடுங்கள்.

உப்புவெளி வாசகர்,
திருகோணமலை