நமக்குப் பிறகு அந்தப் படங்களை யார் எடுப்பார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுப் படங்களையும் ஆவணங்களையும் போனிலும் கிளவுடிலும் (இணையம் வழியே நிறுவனங்களின் கம்ப்யூட்டர்களில் வைக்கும் சேமிப்பு) சேமிப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எதில் எத்தனை ஜிபி இலவசம், எதற்குக் காசு கட்ட வேண்டும் என்பதெல்லாம் தெளிவாக இருந்தது. ஆனால் ஒருவர் சேமித்து வைத்ததை அவருக்குப் பிறகு வீட்டில் இன்னொருவர் எடுக்க முடியுமா என்ற கேள்வி அதில் வரவே இல்லை. திருச்செந்தூர்ப் பக்கம் போன், கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை நடத்துகிறேன். என் கடையிலிருந்து கண் கலங்கித் திரும்புகிறவர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில் மாட்டிக்கொண்டவர்கள்தான்.

வீட்டில் ஒருவர் இறந்த பிறகு அவருடைய போனை எடுத்துக்கொண்டு மனைவியோ மகனோ வருவார்கள். "லாக்கை மட்டும் எடுத்துக் கொடுங்க அண்ணே, உள்ளேதான் எல்லாப் படமும் இருக்கு" என்பார்கள். அந்தக் காலத்துப் போன்களில் போர்டிலிருந்து மெமரி சிப்பைக் கழற்றியாவது படித்துவிடலாம். இப்போதைய போன்களில் உள்ளே இருப்பவை எல்லாம் குறியாக்கம் செய்யப்பட்டவை, அதாவது பூட்டைத் திறக்காமல் படிக்க முடியாதபடி மாற்றி வைக்கப்பட்டவை. பின் நம்பரோ பேட்டர்னோ தெரியாமல் சிப்பைக் கழற்றினாலும் ஒன்றும் தேறாது. ரீசெட் செய்தால் போன் பிழைக்கும், படங்கள் பிழைக்காது. திருடியவன் கையில் நம் போன் சிக்கினால் காப்பாற்றுவதும் இதே பூட்டுதான் என்பதால் பூட்டை நான் குறை சொல்லவில்லை. அந்த நம்பரை வீட்டில் இன்னொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். மெமரி கார்டு இருக்கிறதே என்று சிலர் நம்புவார்கள். அதைப் போனின் சொந்தச் சேமிப்பாக மாற்றியிருந்தால் வேறு எந்தப் போனிலும் அது திறக்காது.

சரி, எல்லாம் கிளவுடில் ஏறியிருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். கணக்குக்குள் போகப் பாஸ்வேர்டு வேண்டும், அது மறந்தால் ஓடிபி வேண்டும். ஓடிபி வருவது இறந்தவரின் சிம்முக்கு. துக்கத்தில் இருக்கும் வீட்டில் அந்த நம்பருக்கு ரீசார்ஜ் செய்ய யாருக்கு நினைவு வரும்? ப்ரீபெய்டு சிம் 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாமல் கிடந்தால், போதிய பேலன்ஸும் இல்லையென்றால், துண்டிக்கப்படலாம். அதன்பின் குறைந்தது 90 நாள் கழித்து அதே நம்பர் வேறு யாருக்காவது போகலாம். ஆகவே இறப்புச் சான்றிதழ் கைக்கு வந்ததும் சிம்மை வாரிசின் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வங்கி வேலைக்கு ஓடுகிற அதே வாரத்தில் இதையும் முடித்துவிடலாம். அதுவரை நம்பர் உயிரோடு இருக்கும்படி ரீசார்ஜ் செய்து வையுங்கள்.

கூகுள் கணக்கை இரண்டு ஆண்டுகள் யாருமே பயன்படுத்தவில்லை என்றால், அதிலுள்ள மெயில், படங்கள், கோப்புகள் எல்லாவற்றோடும் சேர்த்து அதைக் கூகுள் நிறுவனம் நீக்கிவிடலாம் என்ற விதி 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. நீண்ட நாள் கணக்கைத் தொடாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைக்கும் வசதியையும் அதே நிறுவனம் 2013லேயே கொடுத்துவிட்டது. 3, 6, 12, 18 மாதம் என்று கெடு வைக்கலாம். அந்தக் கெடு தாண்டினால் நாம் குறிப்பிட்டவர்களுக்கு, பத்துப் பேர் வரை, நம் படங்களும் கோப்புகளும் கிடைக்கும்படி செய்யலாம். ஆப்பிள் போனில் இதே மாதிரி ஒரு வாரிசுத் தொடர்பைச் சேர்க்கும் ஏற்பாடு 2021 டிசம்பரில் வந்தது. அதற்கென்று தரும் சாவி எண்ணும் இறப்புச் சான்றிதழும் இருந்தால் குடும்பத்தார் படங்களை எடுத்துக்கொள்ளலாம். பத்து நிமிட வேலை. என் கடைக்கு வருகிறவர்களிடம் கேட்டால் இப்படி ஒன்று இருப்பதே அநேகமாக யாருக்கும் தெரியவில்லை. வங்கிக் கணக்குக்கு நாமினி போடாமல் விடாத நாம் இதை மட்டும் ஏன் விட்டுவிட்டோம்?

அப்புறம், கிளவுடை மட்டும் நம்பி வீட்டில் ஒரு காப்பியும் வைக்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. போனில் இடம் போதவில்லை என்று கூகுள் ஃபோட்டோஸுக்குள் போய்ப் படத்தை அழித்தால் அது கிளவுடிலும் சேர்ந்தே அழியும். பேக்கப் ஆன படம் குப்பைத்தொட்டியில் 60 நாள் இருக்கும், பிறகு கிடையாது. போனில் மட்டும் இடத்தைக் காலி செய்ய அதிலேயே தனி வழி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். வீட்டில் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் ஒன்றில் எல்லாவற்றையும் ஏற்றி வைப்பது நல்லது. ஆனால் அந்த ஒன்றும் போதாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியதே, அந்த வெள்ளம் வடிந்த பிறகு கடைக்கு வந்த ஹார்டு டிஸ்க்குகளைத் திறந்தால் உள்ளே சேறு. கம்ப்யூட்டரும் அதன் பேக்கப்பும் ஒரே மேசையில் இருந்த வீடுகள் அவை. இன்னொரு காப்பியை வெளியூரில் இருக்கும் மகள் வீட்டிலோ தம்பி வீட்டிலோ வைத்தவர்களுக்கு ஒன்றும் போகவில்லை. பென்டிரைவை நிரந்தரச் சேமிப்பாக நம்ப வேண்டாம். அது கொண்டுபோகத்தான், வைத்திருக்க அல்ல.

சான்றிதழ்களைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. ஓட்டுநர் உரிமம், ஆதார் போன்றவற்றை அரசின் ஆவணச் செயலியான டிஜிலாக்கரில் திரும்ப எடுக்கலாம், தொலைந்தால் அலுவலகத்தில் நகல் வாங்கலாம். அப்பாவின் குரல் பதிவுக்கும் பிள்ளை முதலில் நடந்த வீடியோவுக்கும் நகல் கொடுக்க எந்த அலுவலகமும் இல்லை. அவற்றை முதலில் காப்பாற்றுங்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். மேலே சொன்ன கூகுள், ஆப்பிள் ஏற்பாடுகளைப் போனில் எந்த இடத்தில் தொட்டு எப்படிச் செய்வது என்று திரைப் படங்களோடு, கொஞ்சம் பெரிய எழுத்தில், ஒரு பக்கம் வெளியிடுங்கள். வயதானவர்களும் படித்துச் செய்கிற மாதிரி தமிழ் மெனுவிலேயே படங்களைப் போடுங்கள். அந்தப் பக்கத்தை வெட்டி என் கடைச் சுவரில் ஒட்டிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்செந்தூர்.