ஆடு மேய்க்கும் பையனிலிருந்து தொடங்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஹாரி பாட்டர் ஏழு பாகங்களையும் முடித்துவிட்ட தன் ஒன்பதாம் வகுப்பு மகளுக்கு அடுத்து எந்தத் தொடரை வாங்கித் தருவது என்று சென்ற இதழில் ஈரோட்டுத் தாய் ஒருவர் கேட்டிருந்தார். காங்கேயம் பக்கம் பல வருடம் ஆசிரியையாக இருந்தவள் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இப்படிக் கேட்டால் எல்லோரும் முதலில் சொல்வது டோல்கீனின் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்'. 1954, 55-இல் மூன்று பாகங்களாக வந்த மகத்தான கதைதான், சந்தேகமே இல்லை. ஆனால் அதை எடுத்தவுடன் கையில் கொடுத்தால், ஐம்பது பக்கம் தாண்டுவதற்குள் மூடி வைத்துவிடும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அவரே 1937-இல் எழுதிய 'ஹாபிட்' முதலில் போகட்டும். பெரியது அதற்கப்புறம் தானாக வரும்.

என்னைக் கேட்டால், முதலில் அர்சுலா லெ குவினின் 'எர்த்ஸீ' வரிசையைக் கொடுங்கள். 1968-இல் வந்த முதல் புத்தகம் மெலிசானது, அதனால் பிள்ளைகள் மிரளமாட்டார்கள். நாயகன் கெட், கான்ட் என்ற மலைத்தீவில் ஆடு மேய்க்கும் பையன். அம்மாவுடன் பிறந்தவள் சொன்ன ஒரு சொல்லைக் கேட்டு வைத்துக்கொண்டு ஆடுகளிடம் சொல்லிப் பார்க்கிறான். ஆடுகள் அவனை நெருக்கிச் சூழ்ந்துகொண்டு விடமாட்டேன் என்கின்றன. கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் ஆடு ஓட்டிப் பழகிய எங்கள் பிள்ளைகளுக்கு இந்த இடத்தை விளக்கவே வேண்டியதில்லை.

பிறகு மந்திரம் கற்கப் போகிற இடத்தில், கூடப் படிப்பவனிடம் தன் வல்லமையைக் காட்டவேண்டும் என்ற வீம்பில், இறந்துபோன ஒருத்தியின் ஆவியை அழைக்கிறான். கூடவே ஒரு நிழலும் வெளியே வந்துவிடுகிறது. முதலில் அதற்குப் பயந்து ஓடுகிறான், அப்புறம் திரும்பி நின்று அதையே துரத்திப் போகிறான். பதினான்கு வயதில் வீம்புக்கு ஒன்றைச் செய்துவிட்டு, யாரிடமும் சொல்லமுடியாமல் ராத்திரி தூங்காமல் கிடந்த பிள்ளைக்கு இந்தக் கதை தன் கதையாகவே தெரியும். என் மாணவன் ஒருவன் படித்து முடித்துவிட்டு வந்து, "டீச்சர், எல்லா நெழலுக்கும் ஒரு பேரு இருக்குங்களா?" என்று கேட்டான். அந்தப் புத்தகத்தின் உயிரை அவன் தொட்டுவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்று. கெட்டின் தோல் செம்பழுப்பு நிறம், அவன் உயிர் நண்பன் நல்ல கறுப்பு. லெ குவின் வேண்டுமென்றேதான் அப்படி எழுதினார். வீரன் என்றால் வெளுப்பாக இருக்கவேண்டும் என்று சினிமாவும் விளம்பரமும் சொல்லிக்கொண்டே இருக்கும் ஊரில் இது சின்ன விஷயமில்லை.

இரண்டாவது புத்தகம் ஈரோட்டுத் தாயின் மகளுக்கு மிகவும் பிடிக்கும். அதில் டெனார் என்ற சிறுமியின் பெயரையே பிடுங்கிக்கொண்டு, அவளை இருட்டுக் கல்லறைகளின் பூசாரியாக்கி வைத்திருப்பார்கள். மூன்றாவதையும் தாராளமாகக் கொடுக்கலாம். 1990-இல் வந்த நான்காவது 'டெஹானு' மட்டும் பதினேழு வயதுவரை பொறுக்கட்டும். ஒரு குழந்தைக்கு நேர்ந்த கொடுமை அதில் வருகிறது.

வாசிக்கவே பிடிக்காத பிள்ளைக்கு 'பெர்சி ஜாக்சன்' தொடரின் முதல் ஐந்து பாகங்கள் சரியாக இருக்கும். எழுத்துக்கூட்டிப் படிக்கவே சிரமப்படும் பையன்தான் அதில் நாயகன். ஜார்ஜ் மார்ட்டினின் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரை டிவியில் பிரபலமானது என்பதற்காகப் பெற்றோர் வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம், அது பெரியவர்களுக்கு எழுதியது.

"பரீட்சை நேரத்தில் இவ்வளவு நீளக் கதை எதற்கு?" என்று கேட்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. சிறுவயதில் அப்புச்சியுடன் (அம்மாவின் அப்பா) கோயில் வாசலில் ஜமுக்காளத்தில் உட்கார்ந்து, இரவு இரவாக உடுக்கையடித்துப் பாடிய அண்ணன்மார் கதையைக் கேட்டிருக்கிறேன். பொன்னர், சங்கர், கொம்பன் பன்றி, அண்ணன்மாரைத் தேடிப் படுகளம் போகும் தங்கை அருக்காணி என்று மூன்று தலைமுறை நீளும் கதை அது. பள்ளிக்கூடம் போகாதவர்கள்கூட ஒரு கண்ணி விடாமல் நினைவில் வைத்திருந்தார்கள். கனடாவைச் சேர்ந்த மானிடவியல் ஆய்வாளர் பிரெண்டா பெக் 1965-இல் இங்கே காங்கேயம் பக்கத்து ஊரில் தங்கி அதை ஒலிப்பதிவு செய்தார், பிற்காலத்தில் அவரே அதை 26 பகுதி கார்ட்டூன் தொடராகவும் கொண்டுவந்தார். ஆனால் என் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப்பேருக்குக் கொம்பன் யாரென்றே தெரியவில்லை.

உங்களிடம் ஒரு கோரிக்கை. அந்தக் கதையை இளைஞர்களுக்கான எளிய உரைநடையில், படங்களோடு வாரத் தொடராக வெளியிடுங்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் நிறையப் பேருக்கு ஆங்கிலப் புத்தகம் எட்டாது. அவர்களுக்கும் அடுத்த வாரத்துக்காகக் காத்திருக்க ஒரு கதை வேண்டும்.

ஈரோட்டுத் தாய்க்கு: 'எர்த்ஸீ' முதல் மூன்று புத்தகங்களும் என்னிடம் இருக்கின்றன. பத்திரிகை அலுவலகம் வழியாகக் கேட்டால் அனுப்பி வைக்கிறேன். படித்துவிட்டு மெதுவாகத் தந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
காங்கேயம்.