பேட்ச் போட ஒத்திகை சர்வர் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரிய நிறுவனங்களின் கணினிகளுக்குள் புகுந்து தகவலைத் திருடிவிட்டு மிரட்டிப் பணம் கேட்கும் கும்பல்களைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எளிமையாக, எல்லோருக்கும் புரியும்படி எழுதியிருந்தார்கள். ஆனால் பேட்ச், அதாவது மென்பொருளில் இருக்கும் ஓட்டையை அடைக்கும் திருத்தம், வந்த பிறகும் அதைப் போடாமல் விடுவது கணினிப் பிரிவு ஊழியர்களின் அலட்சியம் என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் 14 வருடமாக ஆரக்கிள் நிறுவனம் தயாரிக்கும் டேட்டாபேஸைப் பராமரிக்கும் டி.பி.ஏ. வேலை பார்க்கிறேன். பேட்ச் போடாமல் தள்ளிப்போட்ட இடங்களிலும் வேலை பார்த்திருக்கிறேன், அங்கே நான் பார்த்தது சோம்பல் இல்லை, பயம்.

அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று சொல்ல வேண்டும் என்றால் கொஞ்சம் உள்ளே போக வேண்டும். ஆரக்கிளின் இ-பிசினஸ் சூட் என்ற மென்பொருளில்தான் உலகம் முழுக்கப் பல நிறுவனங்களின் கணக்கு, கொள்முதல், சரக்கு இருப்பு, சம்பளம் எல்லாம் ஓடுகிறது. முன்பெல்லாம் அதற்குப் பேட்ச் போட வேண்டும் என்றால் ஒரு சனி ஞாயிறு முழுக்க எல்லாவற்றையும் நிறுத்திவைக்க வேண்டும். 2013இல் அதன் 12.2 வெர்ஷன் வந்தபோது அது மாறியது. புரோகிராம் ஃபைல்கள் இரண்டு செட்டாக இருக்கும், டேட்டாபேஸுக்குள்ளும் அதே மாதிரி புரோகிராம்களுக்கு எடிஷன் என்று இரண்டு பிரதி. ஆட்கள் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே இருப்பார்கள், நாங்கள் இன்னொன்றில் பேட்சைப் போடுவோம், கடைசியில் கட்ஓவர் என்று ஒரு கட்டத்தில் இரண்டையும் மாற்றுவோம், அந்த நேரம் மட்டும்தான் எல்லோரும் வெளியே வர வேண்டும். இதைச் செய்யும் கருவிக்கு அடாப் என்று பெயர். ப்ரிப்பேர், அப்ளை, ஃபைனலைஸ், கட்ஓவர், கிளீனப் என்று ஐந்து கட்டம். ஒழுங்காக ஓடினால் அருமையான ஏற்பாடு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சிக்கல், டேட்டாபேஸை மாற்றும்போது வருகிறது. 2019 செப்டம்பரில் இ-பிசினஸ் சூட்டை 19சி என்ற புதிய வெர்ஷன் டேட்டாபேஸில் ஓட்ட ஆரக்கிள் அங்கீகாரம் கொடுத்தது. பழைய 11.2, 12.1 டேட்டாபேஸ்களுக்கு ஆதரவு முடிய முடிய எல்லோரும் 19சிக்கு வந்தார்கள். இது வெறும் வெர்ஷன் எண் மாறுகிற விஷயம் இல்லை. பழையதில் டேட்டாபேஸ் என்றால் ஒன்றுதான். 19சியில் இ-பிசினஸ் சூட்டுக்குக் கண்டெய்னர் ஒன்று, அதற்குள் பி.டி.பி. என்று நம் டேட்டாபேஸ் ஒன்று என்று வைத்தே ஆக வேண்டும். அப்படி வைத்ததும் டேட்டாபேஸை அழைக்கப் பயன்படும் சர்வீஸ் பெயர்கள் மாறும், அந்த அழைப்பை வாங்கி உரிய இடத்துக்கு அனுப்பும் லிசனர் மாறும், இணைப்புக் கோப்புகள் மாறும். மேனேஜர்கள் பலர் டேட்டாபேஸ் அப்கிரேடு ஒரு வேலை, பேட்ச் வேறு வேலை என்று நினைக்கிறார்கள். அப்கிரேடு முடிந்ததும் ஒருவர் லாகின் செய்து பார்ப்பார், ஒரு இன்வாய்ஸ் போடுவார், இரண்டு ரிப்போர்ட் ஓடும், சரி, முடிந்தது என்று கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். பேட்ச் போடும் பாதையை அன்றைக்கு யாரும் தொட்டே இருக்க மாட்டார்கள்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். 19சிக்கு மாறி மூன்று வாரம் எல்லாம் நன்றாக ஓடியது. நான்காவது வாரம் சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு அடாப்பைத் தொடங்கினோம். ப்ரிப்பேர் கட்டத்திலேயே நின்றுவிட்டது. திரையில் சிவப்பாக, எதிர்பாராத பிழை என்று ஒரு வரி, அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பக்கத்தில் இருந்த தம்பி உடனே மறுபடி ஓட்டிப் பார்க்கலாம் அண்ணா என்றான். வேண்டாம்ப்பா, முதலில் லாகைப் பார் என்றேன். அடாப் ஒவ்வொரு முறை ஓடும்போதும் அந்த செஷன் எண்ணிலேயே ஒரு ஃபோல்டர் போட்டு, நடந்ததை எல்லாம் கட்டம் கட்டமாக லாக் என்று எழுதி வைக்கும், அதில் பிழையை மட்டும் தேடி எடுக்க அடாப்ஸ்கேன்லாக் என்று ஒரு கருவியும் அவர்களே கொடுத்திருக்கிறார்கள். அதை ஓட்டினால் உள்ளே நான்கைந்து ஃபைல் தாண்டி ஓஆர்ஏ-12514 கிடைத்தது. நீங்கள் கேட்கும் சர்வீஸ் எனக்குத் தெரியாது என்று லிசனர் சொல்வதுதான் அந்தப் பிழை.

லிசனரின் ஸ்டேட்டஸைப் போட்டுப் பார்த்தோம். ஊழியர்கள் பயன்படுத்தும் சர்வீஸ் பட்டியலில் இருந்தது. பேட்ச் எடிஷனுக்கான சர்வீஸ் இல்லை. பழைய டேட்டாபேஸில் அதற்கு இபிஎஸ்_பேட்ச் என்று பெயர், 19சியில் பி.டி.பி.யின் பெயர் முன்னால் ஒட்டிக்கொண்டு வரும். அந்தப் பெயரெல்லாம் சரியாகவே இருந்தது, சர்வீஸ்தான் ஓடவில்லை. என்ன ஆயிற்று என்றால், நடுவில் ஒரு நாள் சர்வரை ரீஸ்டார்ட் செய்திருக்கிறார்கள். பி.டி.பி. எந்த நிலையில் இருந்ததோ அதே நிலையில் திரும்ப எழுந்திருக்க, சேவ் ஸ்டேட் என்று ஒரு கட்டளை கொடுத்து வைக்க வேண்டும். அதைக் கொடுக்காததால் பி.டி.பி. திறக்கவில்லை. அன்றைக்கு ட்யூட்டியில் இருந்தவர் கையால் திறந்து, ஊழியர்களுக்கான சர்வீஸை மட்டும் ஸ்டார்ட் செய்துவிட்டுப் போயிருக்கிறார். பேட்ச் சர்வீஸை யார் நினைத்துப் பார்ப்பார்கள், பேட்ச் போடும் அன்றைக்குத்தானே அது வேண்டும். அதை ஸ்டார்ட் செய்தோம், சேவ் ஸ்டேட் கொடுத்தோம், ப்ரிப்பேர் ஓடியது. கண்டுபிடிக்க மூன்றரை மணி நேரம், சரிசெய்ய இரண்டு நிமிடம். ஆனால் அந்த மூன்றரை மணி நேரத்தில் எங்கள் அவகாசம் போய்விட்டது, வேலையைப் பாதியில் கைவிடும் அபார்ட் கட்டளையைக் கொடுத்துவிட்டுத் திரும்பினோம். திங்கட்கிழமை மீட்டிங்கில், இனிமேல் ரொம்ப அவசியம் என்றால் மட்டும் பேட்ச் போடுங்கள் என்று முடிவெடுத்தார்கள்.

பேட்சைத் தள்ளிப்போடும் வழக்கம் எங்கள் இடத்தில் அன்றைக்குத்தான் தொடங்கியது. இதைத்தான் உங்கள் கட்டுரையாளர் அலட்சியம் என்கிறார்.

இது ஒன்று மட்டும் இல்லை. டேட்டாபேஸ் ஃபைல் எழுதும் இடங்களைப் பட்டியலிட யூடிஎல்_ஃபைல்_டிர் என்று ஒரு பாராமீட்டர் இருந்தது, 18சியிலிருந்து அது கிடையாது. இ-பிசினஸ் சூட்டுக்கு ஆரக்கிள் மாற்று வழி கொடுத்திருக்கிறது, அதை ஒருமுறை உட்கார்ந்து அமைக்க வேண்டும். அமைக்காமல் விட்டால் ஃபைல் எழுதும் பழைய ரிப்போர்ட்டுகள் திடீரென்று ஒருநாள் டைரக்டரி தப்பு என்று விழும், பழி முந்தின வாரம் போட்ட பேட்ச் மேல் வரும். அப்புறம் ஈடிசிசி. டேட்டாபேஸுக்கும், ஊழியர்களுக்கும் அதற்கும் நடுவில் ஓடும் நடு அடுக்கு மென்பொருளுக்கும் தேவையான திருத்தங்கள் எல்லாம் இருக்கிறதா என்று சரிபார்க்கும் ஸ்கிரிப்ட் அது. அதன் முடிவு டேட்டாபேஸிலேயே ஒரு டேபிளில் பதிவாகும், அடாப் அதைப் பார்க்கும். அப்கிரேடுக்கு முன்னால் ஓட்டியதோடு விட்டுவிடுகிறார்கள். 19சிக்கு வந்தபின் புதிதாக இறக்கி, மறுபடி ஓட்ட வேண்டும். பழைய எடிஷன்களைச் சுத்தம் செய்யாமல் சேர்த்து வைப்பது இன்னொன்று, எண்ணிக்கை 25ஐத் தொட்டால் முழு கிளீனப் ஓட்டச் சொல்லி ஆரக்கிள் ஆவணத்திலேயே இருக்கிறது, ஓட்டுகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2025 அக்டோபர் நல்ல உதாரணம். சிவிஇ-2025-61882 என்ற பதிவு எண் கொண்ட பாதுகாப்பு ஓட்டை, இ-பிசினஸ் சூட்டின் 12.2.3 முதல் 12.2.14 வரை எல்லாவற்றிலும் இருந்தது. பாஸ்வேர்டே இல்லாமல் வெளியிலிருந்து உள்ளே வரலாம், பத்துக்கு 9.8 என்று ஆபத்து மதிப்பெண். தகவலைத் திருடி மிரட்டும் கிளாப் கும்பல் ஆகஸ்டிலிருந்தே அதைப் பயன்படுத்தியிருக்கிறது, ஆரக்கிளின் அவசர எச்சரிக்கை வந்தது அக்டோபர் 4 அன்று. வாஷிங்டன் போஸ்ட் நாளிதழே தாங்களும் பாதிக்கப்பட்டதாகச் சொன்னது. பேட்ச் வருவதற்கு முன்பே அடி வாங்கியவர்களை இதில் யாரும் குறை சொல்ல முடியாது. நான் சொல்ல வருவது அதற்கு அடுத்த வாரத்தைப் பற்றி. அந்த அவசர பேட்சைப் போட வேண்டும் என்றால் 2023 அக்டோபர் மாதத்து காலாண்டு பேட்ச் ஏற்கெனவே போட்டிருக்க வேண்டும். இரண்டு வருடமாகத் தள்ளிப்போட்டவர்கள் அன்றைக்கு முதலில் அதைப் போட்டு, அதில் வரும் பிழைகளை எல்லாம் ராத்திரியோடு ராத்திரியாகத் தீர்த்து, அதற்கு மேல் இதைப் போட வேண்டும். 2022 அக்டோபரில் சரிசெய்யப்பட்ட சிவிஇ-2022-21587 விஷயத்திலும் இதே கதைதான். பேட்ச் கையில் இருந்தும் பலர் போடவில்லை, 2023 பிப்ரவரியில் அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிசா, தாக்குதலில் பயன்படும் ஓட்டைகளின் பட்டியலில் அதைச் சேர்த்தது.

எனக்கு நிறுவனங்களிடம் கேட்க ஒன்றுதான் இருக்கிறது. ஊழியர்கள் அன்றாடம் வேலை பார்க்கும் அசல் அமைப்பான புரொடக்‌ஷனை அப்படியே நகல் எடுத்து ஒரு ஒத்திகை சர்வர் கொடுங்கள். அதே 19சி, அதே பேட்ச் நிலை, அதே கஸ்டம் புரோகிராம்கள். டெஸ்ட் சர்வர் இருக்கிறதே என்பார்கள். போன வருடம் எடுத்த நகல், டிஸ்க் இடம் பற்றவில்லை என்று பாதி டேட்டாவை அழித்த நகல், பல இடங்களில் டேட்டாபேஸ் இன்னும் பழைய வெர்ஷனிலேயே இருக்கும் நகல், அதில் ஒத்திகை பார்த்துப் பயன் இல்லை. அப்கிரேடு முடிந்தது என்று கையெழுத்துப் போடும் முன் அந்த நகலில் ஒரு சின்ன பேட்சை எடுத்து ப்ரிப்பேரிலிருந்து கிளீனப் வரைக்கும் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கட்டும், நடுவில் சர்வரை ஒருமுறை ரீஸ்டார்ட்டும் செய்யட்டும். எங்களுக்கு அன்றைக்கு அப்படி ஒரு நகல் இருந்திருந்தால் அந்த 12514 ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்திருக்கும், டீ குடித்துவிட்டு வந்து பார்த்திருப்போம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இந்த மாதிரிச் செய்தி வரும்போது, பேட்ச் போடாதது யார் என்று கேட்கும் உங்கள் நிருபர், அந்த நிறுவனத்தில் பேட்சை ஒத்திகை பார்க்க இடம் இருந்ததா, எத்தனை மணி நேரம் அவகாசம் கொடுத்தார்கள், கடைசியாக எந்தக் காலாண்டு பேட்ச் போட்டார்கள் என்ற மூன்றையும் சேர்த்துக் கேட்டு எழுதட்டும்.

இப்படிக்கு,
டேட்டாபேஸ் வேலை பார்க்கும் ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்