ஸ்லேட்டர் கொடுத்த கேள்வித்தாளும் இன்றைய முதுகலை ஆய்வேடும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதுகலைப் பொருளாதார மாணவர்கள் இறுதிப் பருவத்தில் எழுதும் ஆய்வேடு பல கல்லூரிகளில் சடங்காகிவிட்டது. தெரிந்தவர் நூறு பேருக்குக் கூகுள் படிவம் அனுப்புகிறார்கள். ‘முழுமையாக ஏற்கிறேன்’ முதல் ‘அறவே ஏற்கவில்லை’ வரை ஐந்து கட்டங்களில் ஒன்றைத் தொடச் சொல்கிறார்கள். வந்ததைக் கணினியில் போட்டு நாலு அட்டவணை எடுத்தால் ஆய்வேடு தயார். வழிகாட்டியின் வேலை கையெழுத்தோடு முடிகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் நூறாண்டுக்கு முன்பே இதைவிட நல்ல வழி ஒன்று இருந்தது. அதை இன்றும் செய்யலாம் என்பதைச் சொல்லவே இக்கடிதம்.

கில்பர்ட் ஸ்லேட்டர் 1915இல் அங்கே இந்தியப் பொருளாதாரத்தின் முதல் பேராசிரியராக வந்தார். அதற்கு முன் ஆக்ஸ்ஃபோர்டில் தொழிலாளர்கள் படித்த ரஸ்கின் கல்லூரியின் முதல்வர். இங்கிலாந்தின் பொது வயல்கள் வேலியடைக்கப்பட்ட வரலாற்றை ஆராய்ந்து 1907இல் நூலாக்கியவர். நம் ஊர்களைப் பற்றிக் கற்பிக்கத் தம் கையில் நம்பத்தக்க விவரம் இல்லை என்று கண்டதும், மாணவர்களிடம் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து அவரவர் ஊருக்கே அனுப்பினார். 1916 முதல் சேர்ந்த அறிக்கைகளைத் தொகுத்து 1918இல் நூலாக வெளியிட்டார். தென்னார்க்காட்டின் இருவேல்பட்டு, வடார்க்காட்டின் தூசி, தஞ்சைச் சீமையின் பாலக்குறிச்சி, திருநெல்வேலிப் பக்கத்துக் கங்கைகொண்டான், அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்து வடமலைபுரம், மலையாளக் கரையின் சில ஊர்கள் அதில் உண்டு. ஊர் அறிக்கைகள் எழுதிய மாணவர்களின் பெயரிலேயே அச்சாயின. வழிகாட்டுவது என்றால் என்ன என்பதற்கு இந்த ஒரு செயல் போதும் என்பது எங்கள் எண்ணம்.

அதன் பலன் அவர் காலத்தோடு நிற்கவில்லை. பின்னாளில் அங்கே பேராசிரியராக வந்த பி. ஜே. தாமஸ், கே. சி. ராமகிருஷ்ணனோடு சேர்ந்து 1930களில் அதே ஊர்களை மறுபடி ஆராய்ந்து 1940இல் நூலாக வெளியிட்டார். 1961இல் ஆய்வாளர் மார்கரெட் ஹாஸ்வெல் அவ்வூர்களுக்குப் போனார். 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தார் போனார்கள். இருவேல்பட்டைப் பற்றி எஸ். குகனும் ஜோன் மென்ச்சரும் 1983இல் எழுதினார்கள். பிறகு ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் அந்த ஊரின் 1916 முதல் 2008 வரையான கதையை 2010இல் வெளியிட்டார்கள். ஒரே பெருநிலக்கிழார் குடும்பத்தின் பிடியில், படியாட்கள் கடனுக்குக் கட்டுப்பட்டு உழைத்த ஊர் அது. அந்தப் பிடி எப்படித் தளர்ந்தது, வெளிவேலையும் ரேஷன் அரிசியும் கூலிக்காரருக்கு எவ்வளவு இடம் கொடுத்தன என்பதையெல்லாம் இன்று சொல்ல முடிகிறதென்றால், முதலில் ஒரு மாணவர் எண்ணி எழுதிவைத்ததுதான் காரணம்.

இன்று இதைச் செய்ய என்ன வேண்டும்? முந்நூறு வீடுள்ள ஓர் ஊர், ஆறு மாணவர்கள், ஒரு கோடை விடுமுறை. முதல் இரண்டு நாள் தெருத்தெருவாக நடந்து வரைபடம் போட்டு வீட்டுக்கு எண் கொடுக்க வேண்டும். பிறகு இருவர் இருவராக மூன்று அணி. ஓர் அணி நாளுக்கு ஆறு வீடு பார்த்தால் பதினேழு நாளில் ஊர் முடிந்துவிடும். மாதிரி எடுக்காமல் எல்லா வீட்டையும் பார்ப்பதே நல்லது. சிறிய ஊரில் நாற்பது வீட்டைப் பொறுக்கினால், பெரிய நிலக்காரர் இருவரும் அதில் விழாமல் போய் நிலப் பங்கீட்டுக் கணக்கே புரண்டுவிடும்.

பிழை முதலில் புகும் இடம் ஊரின் எல்லை. வருவாய் கிராமம் வேறு, ஊராட்சி வேறு, மக்கள் ‘எங்க ஊர்’ என்பது வேறு. வரைபடத்தில் தலித் மக்கள் வாழும் காலனியும் தோப்புக்குள் இருக்கும் குடிசைகளும்தான் விடுபடும். ஸ்லேட்டர் முறையின் பலவீனமும் இங்கேதான். அக்காலத்தில் கல்லூரி ஏறியவர்கள் பெரும்பாலும் நிலமுள்ள வீட்டுப் பிள்ளைகள்; சொந்த ஊரில் எல்லாக் கதவும் திறக்கும், ஆனால் கூலிக்காரர் அந்த வீட்டுப் பிள்ளையிடம் கூலியைப் பற்றி மனம் திறந்து பேசமாட்டார். ஆகவே ஓர் அணியில் உள்ளூர் மாணவர் ஒருவர், வெளியூர் மாணவர் ஒருவர் என்று வைக்க வேண்டும். காலனியில்தான் கணக்கெடுப்பைத் தொடங்க வேண்டும்.

நிலக் கணக்குக்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள ‘அ’ பதிவேடு (புல எண்வாரி நிலப் பட்டியல்), சிட்டா (உரிமையாளர்வாரி நிலக் கணக்கு), அடங்கல் (ஆண்டுதோறும் எழுதும் பயிர்க் கணக்கு) மூன்றையும் பார்க்க வேண்டும். அவற்றை அப்படியே நம்பவும் கூடாது. பட்டா தாத்தா பெயரில் இருக்கும், நிலத்தை நாலு பேரன்கள் பிரித்து உழுதுகொண்டிருப்பார்கள். வாய்மொழிக் குத்தகையும், விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரமும் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் 1955 முதல் இருப்பதால், ‘குத்தகைக்கு விட்டிருக்கிறீர்களா?’ என்று நேரே கேட்டால் நிலக்காரர் இல்லை என்றுதான் சொல்வார். உழுபவரிடம் ‘அறுத்ததும் யாருக்கு எத்தனை மூட்டை அளக்கிறீர்கள்?’ என்று கேட்டால் விடை வரும். அடங்கல் பசலி ஆண்டுப்படி, ஜூலை முதல் ஜூன் வரை இருக்கும் (2023 ஜூலையில் தொடங்கியது பசலி 1433). மாணவர் நாட்காட்டி ஆண்டை எழுதிவிட்டால் ஒரு போகம் அடுத்த ஆண்டில் போய் விழும்.

அளவைகளில் இன்னும் கவனம் வேண்டும். டெல்டாவில் மூன்று மா ஓர் ஏக்கர், இருபது மா ஒரு வேலி. வட மாவட்டங்களில் ஒரு காணி சுமார் 1.32 ஏக்கர். நெல் மூட்டை ஓரிடத்தில் 60 கிலோ, இன்னோரிடத்தில் 75 கிலோ. எனவே அவர் சொன்ன அளவைச் சொன்னபடியே எழுதி, பக்கத்தில் அந்த ஊரின் மாற்று மதிப்பைக் குறிக்க வேண்டும். வீட்டு வாசலிலேயே ஏக்கராக மாற்றி எழுதும் மாணவர் செய்த தவறைப் பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

வேலை நாள் கேட்பதிலும் நுணுக்கம் உண்டு. ‘வருஷத்துக்கு எத்தனை நாள் வேலை?’ என்றால் எல்லோரும் இருநூறு என்பார்கள். ஆடிப்பெருக்கிலிருந்து தீபாவளி வரை, தீபாவளியிலிருந்து பொங்கல் வரை என்று துண்டு போட்டு, நடவு, களையெடுப்பு, அறுவடை, நூறு நாள் வேலை என்று தனித்தனியாகக் கேட்டுக் கூட்ட வேண்டும். பெண்களின் கூலியைப் பெண்களிடமே கேட்க வேண்டும். வீட்டுக்காரர் சொல்வது பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். போக வேண்டிய நேரம் காலை ஏழு மணிக்கு முன், அல்லது மாலை ஆறுக்குப் பின். பகல் பதினொரு மணிக்குப் போனால் முதியவர்களின் பதில்தான் மிஞ்சும். கடனைக் கடைசியில் கேட்பது நல்லது. ‘கடன் எவ்வளவு?’ என்பதைவிட ‘வாரம் எவ்வளவு கட்டுகிறீர்கள், நகை எங்கே இருக்கிறது?’ என்பதற்கு உண்மையான விடை கிடைக்கும்.

வழிகாட்டி என்ன செய்ய வேண்டும் என்பதுதான் முக்கியம். முதல் ஐந்து வீட்டுக்கு அவரும் உடன் போய்க் கேட்டுக்காட்ட வேண்டும். தினமும் இரவு அன்றைய தாள்களைப் படித்து, காலியாக விட்ட கட்டத்துக்கும் பூஜ்யத்துக்கும் இடையிலான குழப்பத்தை அங்கேயே திருத்த வேண்டும். ‘கடன் இல்லை’ என்பதும் ‘கேட்கவில்லை’ என்பதும் ஒன்றல்ல. கல்லூரி திரும்பிய பிறகு இதைத் திருத்த வழியில்லை. பத்தில் ஒரு வீட்டுக்கு வேறொரு மாணவரை மறுபடி அனுப்பிச் சரிபார்க்க வேண்டும்.

கடைசியாகச் சொன்னாலும், இதுதான் எங்கள் முதல் கோரிக்கை. பெரும்பாலான துறைகளில் ஆய்வேட்டின் கட்டுப்பிரதி மட்டுமே இருக்கிறது. நிரப்பிய தாள்கள் எடைக்குப் போய்விடுகின்றன. பெயரும் முகவரியும் உள்ள முதல் பக்கத்தைப் பிரித்துத் துறைத்தலைவரிடம் பூட்டி வைத்துவிட்டு, வீட்டு எண் மட்டும் உள்ள மற்ற பக்கங்களையும் ஊர் வரைபடத்தையும் கேள்வித்தாளின் வெற்றுப் பிரதியையும் நூலகத்தில் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு பொருளாதாரத் துறையும் ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதே ஊருக்குத் திரும்பிப் போகட்டும். இதை இறுதிப் பருவ ஆய்வேட்டுக்கு ஈடாக ஏற்று மதிப்பெண் வழங்கவும், மாணவர் பெயரிலேயே அறிக்கையை வெளியிடவும் பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுக்கள் முடிவெடுக்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
பொருளாதார ஆசிரியர்கள் சிலர்,
விழுப்புரம்