அப்பா எழுதுவது

அன்பின் பிள்ளைக்கு,

நாங்கள் சுகம். கொம்மாவுக்கு முழங்கால் உளைவு மட்டும்தான். நேரத்துக்குச் சாப்பிடு.

இதை உன்ரை வேலையிட விலாசத்துக்குத்தான் அனுப்புறன். வீட்டு விலாசம் கொப்பியிலை கிடக்கு. கொம்மாதான் வேலையிடத்துக்கே போடுங்கோ எண்டா. ஏனெண்டு நான் கேக்கேல்லை. மருமகனை விசாரிச்சதாச் சொல்லு.

நீ அனுப்பின கட்டுரையைக் கொண்ணன்ரை பெடியன் வாசிச்சு விளங்கப்படுத்தினான். 25 புல்வெளியிலை நைதரசனும் பொசுபரசும் போட்டுப் பாத்தவையாம். மண்ணிலை கெதியாப் பெருகிற பற்றீரியா கூடிச்சாம், அரைவயித்துச் சாப்பாட்டிலை மெள்ள வளருற சாதி குறைஞ்சு போச்சாம். வேரிலை குடியிருக்கிற பங்கசும், அதுதான் பூஞ்சணம், குறைவாம். அது எட்டாத இடத்துப் பொசுபரசைக் கொண்டுவந்து குடுக்க, புல்லு அதுக்குச் சீனி குடுக்குமாம். மேலை உரத்தைக் கொட்டினாப் புல்லுக்கு அந்தக் குடுக்கல் வாங்கல் தேவைப்படாதாம். உன்ரை காசு மாசம் முதலாந் திகதி தவறாமல் வருது. ரெலிபோன் கோல்தான் வைகாசிக்குப் பிறகு இல்லை.

நீ படம் அனுப்பின இங்கிலாந்து ஹார்பெண்டன் புல்வெளியை 1856இலை இருந்து பாத்துக்கொண்டு வருகினம் எண்டு வாசிகசாலையிலை சொன்னன். அமோனியம் சல்பேற்று போட்டுப் போட்டு மண் புளிச்ச துண்டிலை இரண்டு மூண்டு சாதிப் புல்லுத்தான் மிச்சம் எண்டும் சொன்னன். என்ரை மகளுக்கு அங்கைதான் வேலை எண்டன். "எப்ப வாறா?" எண்டு ஒராள் கேட்டார். நான் வெத்திலையை மடிச்சுக்கொண்டு இருந்திட்டன். ஒரு கோல் எடுக்க எவ்வளவு நேரம் பிள்ளை?

ஒண்டு சொல்லோணும். 2021இலை அரசாங்கம் ரசாயன உர இறக்குமதியை மறிச்ச நேரம், அப்பா குழைக்கு மாறிட்டார் எண்டு உன்ரை ஆக்களுக்கெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டனி. பொய். பூவரசங்குழை தாட்டது ஒரே ஒரு பாத்தி, படம் எடுத்த பாத்தி. மிச்சத்துக்கு மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னாலை ஆறு மூட்டை யூரியா ஒளிச்சு வைச்சிருந்தன், கள்ள விலைக்கு வாங்கினது. இருட்டினாப்போலை போட்டன். கீழை சுண்ணாம்புக்கல், போட்டது கிணத்துக்குத்தான் இறங்கும் எண்டு நீ படிச்சுப் படிச்சுச் சொன்னனி. லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றுக்கு மேலை போனால் பச்சைப்பிள்ளையளுக்குக் கூடாது எண்டும் சொன்னனி. ஓம் ஓம் எண்டு கேட்டுக்கொண்டிருந்தன். நீ அப்பிடிச் சந்தோசமா என்னோடை கதைச்சுக் கனகாலம், அதைக் கெடுக்க மனம் வரேல்லை.

நேத்து வேலியோரம் அறுகம்புல்லு ஒண்டைக் கிண்டிப் பாத்தன். வேரிலை செம்மண் குறுணி குறுணியா ஒட்டிக்கொண்டு கிடக்கு, உதறினாலும் விழுகுதில்லை. வெங்காயத் தறையிலை கிண்டினால் மா மாதிரிக் கொட்டுது. பங்கசைக் கண்ணாலை காணேலாது எண்டனி. எண்டாலும் கனநேரம் பிடிச்சுக்கொண்டு நிண்டன்.

குளிருக்குக் காதை மூடு. நேரத்துக்குச் சாப்பிடு.

வாறதெண்டால் ஒரு ஆளோ இரண்டு ஆளோ எண்டு மட்டும் அறிவி. கிணத்துத் தண்ணி தரமாட்டன், போத்தல் தண்ணி வாங்கி வைக்கோணும்.

அப்பா