சபை நூலகத்தில் உனக்காகச் சில புத்தகங்கள்

அன்புள்ள தங்கைக்கு,

நம் சபை நூலகத்துக்குப் புதிதாகப் புத்தகங்கள் வந்திருக்கின்றன. நன்றி செலுத்தும் ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தில் சேர்ந்த பணத்தில் ஒரு பங்கை, சபையை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டி இதற்கென்று ஒதுக்கியது. எதையெல்லாம் வாங்குவது என்று எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, பாதிப் பட்டியலை, உன் அம்மா போன பிறகு ஆலயத்துக்கு வராமல், 'தேவன் ஏன் இப்படி விட்டார்' என்று கேட்கிற உன்னை நினைத்துத்தான் எழுதினேன். துக்கத்துக்குப் பிறகு ஆலயத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டவர்கள் எல்லாச் சபைகளிலும் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான், உன் சம்மதத்தோடு, இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

அம்மாவின் அடக்கம் முடிந்த அன்று உன் வீட்டு முற்றத்தில் சிலர் பேசியது என் காதிலும் விழுந்தது. இன்னும் கொஞ்சம் விசுவாசத்தோடு ஜெபித்திருந்தால் கர்த்தர் சுகம் கொடுத்திருப்பாராம். புற்றுநோயில் கிடந்த தாயை இரவும் பகலும் பார்த்துக்கொண்ட மகளிடம் சொல்கிற பேச்சா இது? அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. வேதாகமத்தில், எல்லாவற்றையும் இழந்து துன்பப்பட்ட யோபுவைப் பார்க்க வந்த சிநேகிதர்கள் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான். வாய் திறந்த பிறகு, நீ ஏதோ தவறு செய்திருப்பாய், அதனால்தான் உனக்கு இப்படி என்று விளக்கத் தொடங்கிவிட்டார்கள். கடைசி அதிகாரத்தில் தேவன் யார்மேல் கோபப்படுகிறார் என்று பார். தம்மிடமே வழக்காடிய யோபுவின்மேல் அல்ல. தமக்காக வாதாடியதாக நினைத்துக்கொண்ட சிநேகிதர்கள்மேல். யோபுதான் தம்மைக் குறித்துச் சரியாகப் பேசினான் என்றும் சொல்கிறார்.

உன் கேள்வி விசுவாசக் குறைவால் வந்ததல்ல என்று நான் உறுதியாக நம்புகிறேன். நான் சொல்லி நீ நம்ப வேண்டாம். இதே கேள்வியோடு போராடியவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள், அவர்களிடமே கேட்டுப் பார்.

முதலில் ஆங்கிலக் கிறிஸ்தவ எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ். நீ ஆங்கில இலக்கியம் படித்தவள், உனக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. துன்பம் ஏன் இருக்கிறது என்று 1940இலேயே அவர் ஒரு புத்தகம் எழுதிவிட்டார். நிதானமான, தெளிவான வாதம். இருபது ஆண்டுகள் கழித்து, 1960இல், அவருடைய மனைவி ஜாய் புற்றுநோயில் இறந்தார். அப்போது அந்த வாதம் எதுவும் அவருக்குக் கைகொடுக்கவில்லை. வீட்டில் கிடந்த வெற்று நோட்டுகளில் மனம் போன போக்கில் எழுதினார். அதுதான் 'எ க்ரீஃப் அப்சர்வ்ட்', அதாவது உற்றுப் பார்த்த ஒரு துக்கம். 1961இல் தம் பெயரை மறைத்து, வேறொரு பெயரில் வெளியிட்டார். தாங்க முடியாத வேளையில் தேவனிடம் போனால் கதவு முகத்தில் அறைந்து சாத்தப்படுகிறது, உள்ளே தாழ்ப்பாள் மேல் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்கிறது என்கிறார். உலகமெங்கும் கிறிஸ்தவர்கள் தங்கள் ஆசானாகக் கொண்டாடிய மனிதர் இப்படி எழுதினார். போகப் போக அந்தப் புத்தகத்தின் குரல் மாறுகிறது. கதவு திறந்ததா என்பதை நான் சொல்லிவிடக் கூடாது, நீயே படி. மெல்லிய புத்தகம்தான், ஒரே இரவில் முடித்துவிடலாம். ஆனால் ஒரே மூச்சில் படிக்காதே.

அடுத்தது பழங்காலத் திருச்சபையின் பேராயர் பரிசுத்த அகுஸ்தீனின் தன்வரலாறு. ஆயிரத்து அறுநூறு ஆண்டுப் பழைய புத்தகம், புதிய பதிப்பாக வந்திருக்கிறது. முழுவதையும் படிக்க வேண்டும் என்று இப்போது சொல்ல மாட்டேன். அதில் 'ஒன்பதாம் புத்தகம்' என்ற பகுதியை மட்டும் திற. கி.பி. 387இல் ரோமுக்கு அருகிலுள்ள ஒஸ்தியா துறைமுகத்தில் அவருடைய தாய் மோனிக்கா இறந்துபோகிறார். மகன் தாயின் கண்களை மூடுகிறார், ஆனால் அழவில்லை. விசுவாசி இப்படிப்பட்ட சாவுக்கு அழக் கூடாது என்று தம்மை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார். வாய்விட்டு அழுத தம் சிறுவயது மகனையும் மற்றவர்கள் அடக்கியதை எழுதுகிறார். அடக்கம் முடிந்து, குளித்து, தூங்கி எழுந்த பிறகுதான் கண்ணீர் வருகிறது. அப்போது அதைத் தடுக்காமல் விட்டுவிடுகிறார். சில நிமிடங்கள் தாய்க்காக அழுததைப் பாவம் என்று எண்ணுகிறவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், எனக்காக அழட்டும் என்று அவர் கேட்டுக்கொள்வதைப் படிக்கும்போது எனக்கு உன் நினைவு வந்தது. அடக்க ஆராதனையில் நீ அழாமல் நின்றதையும் சிலர் குறையாகத்தானே பேசினார்கள்.

மூன்றாவது, போன்ஹோஃபர் சிறையிலிருந்து எழுதிய கடிதங்கள். ஹிட்லரை எதிர்த்த ஜெர்மானியப் போதகர். 1943 ஏப்ரலில் கைதாகி, இரண்டு ஆண்டுகள் கழித்து 1945 ஏப்ரல் 9 அன்று ஃபிளாசன்பூர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். போர் முடிய ஒரு மாதம்தான் இருந்தது. 1943 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் தேதியிட்ட கடிதத்தைத் தேடி எடு. நாம் நேசிக்கிற ஒருவர் இல்லாத இடத்தை எதைக்கொண்டும் நிரப்ப முடியாது, நிரப்ப முயலவும் கூடாது என்று எழுதுகிறார். தேவன் அந்த வெறுமையை நிரப்பிவிடுவார் என்று சொல்வதும் தவறாம். அவர் அதை வெறுமையாகவே வைத்திருந்து, அதன் வழியாக நம்மை அவர்களோடு இணைத்து வைக்கிறார் என்கிறார். 'தேவன் எல்லாவற்றையும் சரிசெய்வார்' என்று உன்னிடம் சொன்ன எல்லாருக்கும் இந்தப் பக்கத்தை வாசித்துக் காட்ட வேண்டும்போல் இருக்கிறது.

வாங்கியவை எல்லாம் வெளிநாட்டுப் புத்தகங்கள் என்று நினைக்காதே. வேதாகமத்தின் புதிய தமிழ் மொழிபெயர்ப்பான திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பும் ஒரு பிரதி வாங்கியிருக்கிறோம். 1995இல் வந்தது. நாம் ஆலயத்தில் வாசிக்கும் பழைய வேதாகமத்தோடு பக்கத்தில் வைத்து 88ஆம் சங்கீதத்தைப் படித்துப் பார். புலம்பித் தொடங்குகிற மற்றச் சங்கீதங்கள் பெரும்பாலும் எங்கேயாவது துதியாக மாறும். இது மாறாது, கடைசி வரி வரைக்கும் இருட்டுதான். அப்படியிருந்தும் அதை யாரும் வேதத்திலிருந்து எடுத்துவிடவில்லை.

பாமாவின் 'கருக்கு' வேண்டும் என்று கேட்டபோது கமிட்டியில் ஒரு பெரியவர் தயங்கினார். சபையைக் குறை சொல்லும் புத்தகம் சபை நூலகத்தில் எதற்கு என்றார். கன்னியர் மடத்தில் ஏழு ஆண்டுகள் இருந்துவிட்டு வெளியே வந்த ஒரு தலித் பெண், 1992இல் தன் வாழ்க்கையைத் தன் ஊர்ப் பேச்சிலேயே எழுதினார். கிறிஸ்துவின் பெயரைச் சொல்லிக்கொண்டே சாதி பார்க்கிறவர்களை அவர் கேட்கிற கேள்விகள் நம் காதில் விழ வேண்டாமா? விசுவாசத்தைப் பற்றிய புத்தகம் அதுவும்தான் என்று நான் விடாமல் பேசினேன். கடைசியில் வாங்கினோம். நீ படித்துவிட்டு அந்தப் பெரியவரிடமே பேசலாம், நல்ல மனிதர், காதுகொடுத்துக் கேட்பார்.

நம் ஊர்ப்பக்கத்து எழுத்தும் உண்டு. கரையிருப்பில் பிறந்த எச். ஏ. கிருஷ்ணப்பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் உரையோடு வந்திருக்கிறது. ஆங்கில எழுத்தாளர் ஜான் பனியனின் 'மோட்சப் பிரயாணம்' கதையைக் கம்பன் காட்டிய வழியில் காவியமாக்கியவர் அவர். கண்ணால் படித்தால் கடினம், வாய்விட்டுச் சொன்னால் வழிவிடும். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்காக அசரியா பேராயரின் வாழ்க்கையும் வாங்கினோம். வெள்ளாளன்விளைப் பையன் 1912இல் ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார் என்பது நம் பிள்ளைகள் பலருக்கே தெரியவில்லை.

ஞாயிறு இரண்டாம் ஆராதனை முடிந்ததும் நூலகம் திறந்திருக்கும். அந்தக் கூட்டத்தில் வந்து நிற்க உனக்கு மனமில்லை என்று தெரியும். அதனால் புதன்கிழமை மாலையும் திறக்கிறேன், அப்போது நானும் பதிவேடும் மட்டும்தான் இருப்போம். ஒரு தடவைக்கு இரண்டு புத்தகம், மூன்று வாரம் வைத்துக்கொள்ளலாம், இன்னும் வேண்டுமென்றால் சொன்னால் போதும். புத்தகம் எடுக்க வருகிறவர்களிடம் ஏன் ஆலயத்துக்கு வரவில்லை என்று கேட்கக் கூடாது என்று மற்ற பொறுப்பாளர்களிடமும் சொல்லியிருக்கிறேன்.

லூயிஸையும் போன்ஹோஃபரையும் உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன். புதன்கிழமை உன் தம்பி டியூஷனுக்கு இந்தத் தெரு வழியாகத்தான் போகிறான். அவனிடம் கொடுத்து அனுப்பட்டுமா, நீயே வருகிறாயா என்று மட்டும் சொல்.

அன்புடன்,
உன் அக்கா