எங்கள் உறுப்பினர்கள் அவையில் என்ன கேட்டார்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாடாளுமன்றக் கூட்டத்தொடர் முடியும்போதெல்லாம் எத்தனை மணி நேரம் அமளியில் போயிற்று, யார் வெளிநடப்புச் செய்தனர், யார் இடைநீக்கம் செய்யப்பட்டனர் என்ற விவரங்களைத் தங்கள் நாளிதழ் தவறாமல் வெளியிடுகிறது. ஆனால் சேலம் மாவட்டத்து மக்கள் தேர்ந்தெடுத்து அனுப்பியவர்கள் அந்தத் தொடரில் என்ன கேட்டார்கள், அமைச்சர்கள் என்ன விடை அளித்தார்கள் என்பது மாவட்டப் பக்கத்தில் வருவதில்லை. அதையும் வெளியிட வேண்டும் என்று கேட்கவே இக்கடிதம்.

எங்கள் மாவட்டத்தின் நிலைமை சற்றுச் சிக்கலானது. இங்குள்ள 11 சட்டமன்றத் தொகுதிகளில் ஆறு மட்டுமே சேலம் மக்களவைத் தொகுதியில் அடங்கும். ஏற்காடு, ஆத்தூர், கெங்கவல்லி ஆகிய மூன்றும் கள்ளக்குறிச்சியோடும், சங்ககிரி நாமக்கல்லோடும், மேட்டூர் தருமபுரியோடும் சேர்ந்துள்ளன. மாவட்டத்துக்கென நான்கு உறுப்பினர்கள் டெல்லியில் இருக்கிறார்கள் என்பதே பலருக்குத் தெரியாது. ஏற்காட்டில் காபித் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவரிடம் உங்கள் எம்.பி. யார் என்று கேட்டால், சேலத்து எம்.பி.யின் பெயரைச் சொல்லக்கூடும். அவரைக் குறை சொல்ல இயலாது. அவர் நின்று பேருந்து ஏறும் இடத்தில் வேறு எந்தத் தகவலும் இல்லை.

பேருந்து ஏறும் இடம் என்றதும் நிழற்குடை நினைவுக்கு வருகிறது. உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். தொகுதி மேம்பாட்டு நிதியில் கட்டப்பட்ட நிழற்குடைகளின் மதிப்பீட்டையும், முடிந்த வேலையை அளந்து பதியும் எம்-புக்கையும் ஒப்பிட்டுப் பார்ப்பது ஒரு காலத்தில் என் அன்றாட வேலை. மலைப்பாதையோரம் இன்றும் அத்தகைய ஒன்றைக் காணலாம்: உறுப்பினரின் பெயர் முழ உயரத்தில், நிதியாண்டும் தொகையும் அதற்குக் கீழே, ஊரின் பெயர் மூலையில் சிறியதாக, பேருந்து நேரம் எங்கும் இல்லை. தேர்தல் வந்தால் இந்த நிழற்குடையும், உயர்கோபுர மின்விளக்கும், சமுதாயக் கூடமும் சாதனைப் பட்டியலாக அச்சாகி வீடு தேடி வருகின்றன. அப்பட்டியலில் அவையில் எழுப்பிய ஒரு கேள்வியைக்கூட நான் கண்டதில்லை.

இந்த இடத்தில் இரா. செழியன் அவர்களைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. அவர் சேலத்துக்காரர் அல்லர். 1962இல் பெரம்பலூரிலிருந்தும், 1967இலும் 1971இலும் கும்பகோணத்திலிருந்தும் மக்களவைக்குச் சென்றவர். பின்னர் மாநிலங்களவையிலும் இருந்தவர். 1971 முதல் 1973 வரை நாடாளுமன்றப் பொதுக்கணக்குக் குழுவின் தலைவராக இருந்தார். எதிர்க்கட்சியைச் சேர்ந்தவரையே அக்குழுவுக்குத் தலைவராக்கும் மரபு 1967இல்தான் தொடங்கியிருந்தது. அவை ஒப்பிய பணம் ஒப்பிய காரியத்துக்கே செலவாயிற்றா என்பதைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு பார்ப்பதுதான் அக்குழுவின் பணி. வழக்கமாக அமைச்சரை அங்கு அழைப்பதில்லை. துறைச் செயலாளரே வந்து பத்தி பத்தியாகப் பதில் சொல்லியாக வேண்டும். மேடை இல்லை, கைதட்டல் இல்லை, கல்வெட்டும் இல்லை. ஒரு தணிக்கைத் தடைக்கு, அதாவது தணிக்கையில் எழுப்பப்படும் ஆட்சேபணைக்கு, நேரான பதிலைப் பெற எவ்வளவு பொறுமை வேண்டும் என்பது அத்துறையில் இருந்தவர்களுக்குத் தெரியும். அமைச்சகங்களிடமிருந்தே அதைப் பெறுவது எத்தகைய வேலை என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியையே அவர் ஏற்கவில்லை. 1993 டிசம்பரில் தொடங்கி, உறுப்பினர் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாயில் புறப்பட்ட அத்திட்டம், 2011-12 முதல் ஆண்டுக்கு 5 கோடியாக வளர்ந்துவிட்டது. செலவைக் கண்காணிக்க வேண்டிய உறுப்பினரே செலவைப் பரிந்துரைப்பவராக மாறினால், அவர் யாரிடம் கணக்குக் கேட்பார் என்பதே செழியனின் வாதம். 2005இல் தனி ஆய்வாகவே அதை எழுதி வெளியிட்டார். 2010இல் உச்ச நீதிமன்றம் அத்திட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது உண்மைதான். சட்டப்படி செல்லுபடியாகும் என்பதனால் அவர் எழுப்பிய கேள்வி தீர்ந்துவிட்டதாக நான் கருதவில்லை. 2025-26ஆம் ஆண்டுக்கான மத்திய வரவு-செலவுத் திட்டத்தின் மொத்தத் தொகை 50 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அதன் ஒவ்வொரு ரூபாய் குறித்தும் கேள்வி கேட்கும் உரிமை படைத்தவரை, அவர் பரிந்துரைத்த 5 கோடியைக் கொண்டு நாம் எடை போடுகிறோம். 2023 மார்ச்சில், அமைச்சகங்களின் செலவுக்கு ஒப்புதல் கேட்கும் மானியக் கோரிக்கைகள் அனைத்தும் மக்களவையில் விவாதமின்றி, மொத்தமாக வாக்கெடுப்புக்கு விடும் கில்லட்டின் முறையில் நிறைவேறின. அது குறித்து நம் ஊரில் யாரும் யாரையும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

அவையில் கேட்கும் கேள்வியால் சோறு கிடைக்குமா என்று சிலர் கேட்கக்கூடும். நலத்திட்டங்களைப் பொறுத்தவரை கிடைக்கும் என்றே சொல்வேன். நூறு நாள் வேலைக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டம், கூலியை 15 நாட்களுக்குள் தர வேண்டும், தாமதித்தால் இழப்பீடு தர வேண்டும் என்று எழுதி வைத்தது. சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினருக்கு 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் பொருந்தும். எத்தனை மனுக்கள் வந்தன, எத்தனை நிராகரிக்கப்பட்டன, என்ன காரணம் என்று சேலம் மாவட்டத்தைக் குறிப்பிட்டு ஒருவர் எழுத்துமூலக் கேள்வி அனுப்பினால், அமைச்சகம் அட்டவணையோடு விடை தர வேண்டிவரும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தனிமனிதர் மாதக்கணக்கில் அலைந்து பெறும் விவரம் அவையின் பதிவாகவே கிடைத்துவிடும். அமைச்சர் 'பரிசீலிக்கப்படும்' என்று சொன்னால், அந்த வாக்குறுதி நிறைவேறியதா என்று பின்தொடர உறுதிமொழிக் குழுவும் இருக்கிறது.

எண்ணிக்கை மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். கேள்வி கேட்கப் பணம் வாங்கியதாக 11 உறுப்பினர்கள் 2005 டிசம்பரில் நீக்கப்பட்ட வரலாறும் நம்மிடம் உண்டு. 'நூறு கேள்வி கேட்டார்' என்ற ஒரு வரிச் செய்தியால் பயனில்லை. கேள்வியும் விடையும் சுருக்கமாகவேனும் வர வேண்டும். சட்டமன்றத்துக்கும் இது பொருந்தும். பேரவையின் பொதுக்கணக்குக் குழு மாவட்டத்துக்கு வரும்போது, குழுவினர் வரிசையாக நிற்கும் படத்தோடு 'ஆய்வு செய்தனர்' என்று செய்தி வருகிறது; எந்தத் தணிக்கைப் பத்தியைப் பற்றி ஆய்வு, அதிகாரிகள் என்ன விளக்கம் தந்தார்கள் என்பது வருவதில்லை.

இதை அச்சிடத் தங்களுக்குச் சட்டத் தடையேதும் இல்லை. அவை நடவடிக்கைகளை உண்மையாக வெளியிடும் பத்திரிகைக்குப் பாதுகாப்பளிக்கும் சட்டம் அன்றைய மக்களவை உறுப்பினர் ஃபெரோஸ் காந்தியின் முயற்சியால் 1956இல் வந்தது. நெருக்கடி நிலையின்போது அது நீக்கப்பட்டது; 1977இல் மீண்டும் கொண்டுவரப்பட்டது. 44ஆவது அரசியலமைப்புத் திருத்தம் அதே பாதுகாப்பைச் சட்டமன்றச் செய்திகளுக்கும் சேர்த்து வழங்கிற்று. செழியன் உறுப்பினராக இருந்த 1975 ஜூலைத் தொடரில் கேள்வி நேரமே நிறுத்தி வைக்கப்பட்டது. எதிர்க்கட்சியினர் பேசியதை நாளிதழ்கள் அச்சிட முடியவில்லை. நெருக்கடி நிலைக்கால அத்துமீறல்களை விசாரித்த, பிற்காலத்தில் கிடைப்பதற்கே அரிதாகிவிட்ட ஷா ஆணைய அறிக்கையின் பிரதியைத் தம்மிடம் பாதுகாத்து வைத்திருந்து 2010இல் மறுபடியும் அச்சேற்றியவரும் அவரே.

எனவே, ஒவ்வொரு கூட்டத்தொடர் முடிந்தபின்னும் நான்கு மக்களவை உறுப்பினர்கள், 11 சட்டமன்ற உறுப்பினர்கள் ஆகியோரின் கேள்விகள், பெற்ற விடைகள், விவாதங்களில் எடுத்துரைத்த கருத்துகள் ஆகியவற்றுக்கு மாவட்டப் பக்கத்தில் அரைப் பக்கம் ஒதுக்குமாறு வேண்டுகிறேன். மக்களவை, மாநிலங்களவை இணையதளங்களில் இவை அனைத்தும் இருக்கின்றன. ஆனால் பெரும்பகுதி ஆங்கிலத்திலும் இந்தியிலும். கள்ளக்குறிச்சி உறுப்பினரின் பகுதி சேலம், ஏற்காடு வாசகர்களுக்கு வரும் பதிப்பிலும் விடுபடாமல் வெளியாக வேண்டும் என்பதைத் தனியே குறிப்பிட விரும்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
அஸ்தம்பட்டி, சேலம்.